பேக்ஹோவைக் கழற்றி வைப்பது எப்படி? சிறிய கொட்டகை, நீண்ட இடைவெளி

செம்மண் எழுதியது:

டிராக்டரின் பின்னால் மாட்டும் பேக்ஹோ (மண் தோண்டும் இயந்திரக் கை) ஒன்று வைத்திருக்கிறேன். சப்ஃபிரேமில், அதாவது டிராக்டரின் அடியில் போல்ட் போட்ட இரும்புச் சட்டத்தில், உட்காரும் வகை. எடை 500 கிலோவுக்குப் பக்கம். தனி பம்ப் கிடையாது, டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயிலேயே ஓடுகிறது. வாய்க்கால் வெட்டுவது, வேர்க்கட்டை தோண்டுவது என்று வருடத்தில் சில வாரங்கள்தான் அதற்கு வேலை. மற்ற நாட்களில் பின்பக்கம் ரோட்டவேட்டரோ புல்வெட்டியோ மாட்டியாக வேண்டும்.

கொட்டகை சிறியது. பாதித் தரை கான்கிரீட், மீதி மண். கையேட்டில் கழற்றும் முறை ஒரு பக்கம் இருக்கிறது. வைக்கும் முறை பற்றி "உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள்.

எந்த நிலையில் மடக்கி வைப்பது நல்லது? பக்கவாட்டில் ஊன்றும் ஸ்டெபிலைசர் கால்களிலேயே மாதக்கணக்கில் நிற்கவிடலாமா? சக்கரம் வைத்த மேடை செய்து மூலைக்குத் தள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது, அது சரிவருமா? ஹோஸ்களை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மேட்டுக்காடு எழுதியது:

என் பதில் சின்னது. கழற்றாதீர்கள். முன்னால் லோடர் இருக்கிறது என்றால் பின்னால் 500 கிலோ இருப்பது நல்லதுதானே, எதிரெடையாகப் போகும். கழற்றி மாட்டுகிற வேலையில்தான் இணைப்புப் பின் வளைவதும் ஹோஸ் கிழிவதும் விரல் நசுங்குவதும். நான் வருடம் முழுக்க மாட்டியேதான் வைத்திருக்கிறேன்.

---

ஏர்முனை எழுதியது:

மேட்டுக்காடு அண்ணா, உங்களிடம் ரோட்டவேட்டருக்கு வேறு டிராக்டர் இருக்கிறது. அவருக்கு ஒன்றுதான். பேக்ஹோ மாட்டியிருக்கும்போது த்ரீ பாயிண்டில் (பின்னால் கருவி மாட்டித் தூக்கும் மூன்று புள்ளி இணைப்பு) எதையும் மாட்ட முடியாது, கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டையும் நெருங்க முடியாது.

அது இல்லாவிட்டாலும் அவ்வளவு எடையை எப்போதும் பின்னால் சுமக்கவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லோடரில் மண் இருக்கும்போது அது எதிரெடை, சரி. லோடர் காலியாக இருந்தால் முன் அச்சு லேசாகிவிடும். மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் பிடிக்காமல் போவது அதனால்தான். வண்டியின் நீளமும் கூடிவிடுகிறது. திரும்பும்போது பக்கெட் எங்கே வீசுகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது தோண்டுகிறவர் மாட்டியே வைக்கலாம். வருடத்தில் சில வாரங்கள் என்றால் கழற்றத்தான் வேண்டும்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

செம்மண், எப்படி வைப்பது என்பதை விட்டுவிட்டு, அடுத்த தடவை எப்படி மாட்டப் போகிறீர்கள் என்பதிலிருந்து யோசியுங்கள். எங்களிடம் வருகிற தகராறுகளில் பாதிக்கு மேல் மாட்டும்போது வருபவை. சப்ஃபிரேமில் மாட்டும் கொக்கி ஒரு பக்கம் இறங்கியிருக்கும், ஹோஸின் முனை இணைப்பான கப்ளர் உள்ளே போகாது, இணைப்புப் பின்னின் துளை விரல் அகலம் தள்ளி நிற்கும். அப்புறம் கடப்பாரை, சுத்தியல், கோபம். கழற்றும் இடத்திலேயே இவ்வளவையும் தவிர்த்துவிடலாம்.

முதலில் இடம். கான்கிரீட் பகுதியில்தான் வைக்க வேண்டும், அதில் யோசிக்கவே வேண்டாம். டிராக்டர் நேராகப் பின்னால் வந்து சேரும்படி எதிரே காலி இடம் வேண்டும். மூலையில் குறுக்காக வைத்தால் மாட்டும் நாளில் வண்டியை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். கழற்றியதும் டிராக்டரின் பின் சக்கரங்கள் நின்ற இடத்தைத் தரையில் பெயின்ட் கோடு போட்டுக் குறித்து வையுங்கள். அந்தக் கோட்டில் வந்து நின்றாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, பின் டயரின் காற்று. கழற்றியபோது இருந்த காற்று மாட்டும்போது இல்லையென்றால் சப்ஃபிரேமின் உயரம் மாறிவிடும். பேக்ஹோ வளைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டயரில் காற்று அடித்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்டெபிலைசரை மட்டும் நம்பி நிற்கவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. சில இயந்திரங்களில் ஸ்டெபிலைசர் சிலிண்டரிலேயே எண்ணெயைப் பூட்டி வைக்கும் வால்வு இருக்கும். பலவற்றில் இருக்காது. கட்டுப்பாட்டு வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற தண்டுதான் எண்ணெயைத் தடுத்து வைக்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வேலை நடக்கும்போது தெரியாது. மாதக்கணக்கில் நிற்கும்போது ஒரு கால் சற்று இறங்கும், மற்றது இறங்காது, சட்டம் சாயும். சட்டத்திலிருந்து கிளம்பும் முதல் கையான பூமின் சிலிண்டரும் அப்படித்தான். பக்கெட் தரையில் ஊன்றி நிற்கிறது, இரண்டு ஸ்டெபிலைசர்கள், ஆக மூன்று புள்ளிகளில் நிற்கும் பொருள் அது. மூன்றில் எது இறங்கினாலும் கொக்கியின் உயரம் மாறும்.

அதனால் எடையை இரும்பும் மரமும் தாங்கட்டும். கொக்கியைக் கழற்றிய பிறகு முதன்மைச் சட்டத்தின் அடியில், இரண்டு பக்கமும், டிராக்டரைப் பார்க்கும் முனையிலும் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, சட்டம் அதில் உட்காரும்படி ஸ்டெபிலைசரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இதை ஹோஸ் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், இன்ஜின் ஓடும்போதுதானே தளர்த்த முடியும். கட்டை வைக்கும்போது கை சட்டத்துக்கு அடியில் போகக் கூடாது. கட்டையை நீளமான கம்பாலோ மற்றொரு கட்டையாலோ தள்ளுங்கள். ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் வேண்டாம். எடை ஒரு புள்ளியில் விழுந்தால் அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

பக்கெட் தரையில் படுத்திருக்க வேண்டும். பூமைத் தூக்கிப் பூட்டுப் பின் போட்டு வைத்தால் இடம் மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள். டிராக்டரோடு சாலையில் போகும்போதுதான் அந்தப் பின்னுக்கு வேலை. கழற்றி வைத்த பொருளில் கனம் முழுவதும் கீழே இருக்க வேண்டும். ஸ்விங் பூட்டுப் பின் மட்டும் கட்டாயம் போடுங்கள், பூம் பக்கவாட்டில் திரும்பினால் மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

---

செம்மண் எழுதியது:

டயர் காற்று விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா.

ஒரு சந்தேகம். சிலிண்டருக்குள் போய்வரும் தண்டான ராட் வெளியே தெரியக் கூடாது, எல்லாவற்றையும் உள்ளே இழுத்துத்தான் வைக்க வேண்டும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். பக்கெட்டைத் தரையில் வைத்தால் பூம் ராட் பாதி வெளியே நிற்கிறதே?

---

கிரீஸ்கை எழுதியது:

அவர் சொல்வது சரிதான். ராடின் மேல் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. பளபளவென்று இருப்பதால் துரு பிடிக்காது என்று நினைக்கிறோம். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு, ஈரம் அதன் வழியாக அடியில் இருக்கும் இரும்பைத் தொடும். முதலில் புள்ளி புள்ளியாக வரும். பின்பு அந்த இடத்தில் குரோம் பெயர்ந்து சிறு குழி விழும். குழியின் விளிம்பு ஒவ்வொரு தடவையும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தைச் சுரண்டும். சீல் மாற்றினாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும், குழி அங்கேயே இருப்பதால். ராடை எண்ணெயில் இருக்கும்படி உள்ளே வைப்பதுதான் நிரந்தர வழி.

---

பட்டறைக்காரன் எழுதியது:

கிரீஸ்கை குழி பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் "எல்லாவற்றையும் உள்ளே" என்பது நடக்காத காரியம்.

பெரும்பாலான பேக்ஹோக்களில் பூமைத் தூக்கினால் பூம் ராட் உள்ளே போகும், இறக்கினால் வெளியே வரும். பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆர்மை டிராக்டர் பக்கம் மடக்கினால் ஆர்ம் ராட் வெளியே வரும், நீட்டினால் உள்ளே போகும். பக்கெட்டை உள்பக்கம் சுருட்டினால் அதன் ராட் வெளியே, விரித்தால் உள்ளே. ஆக கையைக் குறுக்கி அடக்கமாக வைத்தால் ஆர்ம் ராடும் பக்கெட் ராடும் முழுக்க வெளியே நிற்கும். நீட்டிப் படுக்க வைத்தால் அவை இரண்டும் உள்ளே போய்விடும், பூம் ராட் வெளியே வரும். ஸ்டெபிலைசர் கீழே ஊன்றினால் அதன் ராடுகள் வெளியேதான். ஸ்விங் சிலிண்டர் இரண்டும் நடுவில் பாதிப் பாதி. எப்படி வைத்தாலும் சில ராடுகள் வெளியே நிற்கும்.

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இடம் இருந்தால் நீட்டி வைப்பேன். இவருக்கு இடம் இல்லை. அதனால் ஆர்ம் ஏறக்குறைய செங்குத்தாக, பக்கெட்டின் அடிப்பாகம் தரையில் தட்டையாகப் படும்படி வைக்கட்டும். எல்லா ராடும் பாதி வெளியே வரும், எல்லாவற்றுக்கும் பூச்சு போட வேண்டும். நிலையைத் தேடி அலைவதை விடப் பூச்சு போடுவது சுலபம்.

---

கிரீஸ்கை எழுதியது:

பாதியில் நிற்பதுதான் மோசம் என்பேன். ராடின் நடுப்பகுதிதான் வேலையில் அதிகம் ஓடுகிற இடம். கடைசி முனையில் குழி விழுந்தால் எப்போதாவதுதான் சீல் அங்கே போகும். நடுவில் விழுந்தால் நாள் முழுக்க அதன் மேல்தான் ஓடும்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், நல்ல வாதம். ஆனால் அது பூச்சு போடாதவர்களுக்கான வாதம்.

---

நீலவானம் எழுதியது:

பூச்சு என்றால் எது? சாதாரண கிரீஸா, வேறு ஏதாவதா? என்னுடையது வெட்டவெளியில்தான் நிற்கிறது, கொட்டகையே கிடையாது.

---

கிரீஸ்கை எழுதியது:

உள்ளே நிற்கிற பொருளுக்குச் சாதாரண கிரீஸ் போதும். ராடைத் துணியால் துடைத்து, ஈரம் முழுக்கப் போன பிறகு கையால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அப்பி வைக்க வேண்டாம். வெளியே நிற்கிறது என்றால் மெழுகு போல் இறுகும் துருத்தடுப்பு ஸ்பிரே கிடைக்கிறது, லானோலின் கலந்ததும் கிடைக்கிறது. மழையில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போகாது.

இதில் பலர் விடும் இடம் மறுபடி ஓட்டும் நாள். மாதக்கணக்கில் அந்தக் கிரீஸில் தூசியும் மணலும் ஒட்டியிருக்கும். அப்படியே லீவரை இழுத்தால் மணல் முழுவதும் சீலின் வாயில் போய் நிற்கும். ராடைப் பாதுகாக்கப் போட்ட கிரீஸே சீலுக்கு உப்புத்தாளாகிவிடும். ஓட்டுவதற்கு முன்னால் சுத்தமாகத் துடைத்து எடுங்கள், துணியில் கொஞ்சம் டீசலோ எண்ணெயோ தொட்டுக்கொண்டு.

சாக்கு, துணி எதையும் ராடில் சுற்றி வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

---

ஏர்முனை எழுதியது:

கிரீஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கழற்றுவதற்கு முன்பே, வேலை முடிந்த கையோடு, எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள். புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவில் சேற்றுத் தண்ணீர் நின்றிருக்கும். புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்தால் அது வெளியேறிவிடும். அடித்துவிட்டு எல்லா மூட்டையும் சில தடவை ஆட்டிப் பாருங்கள். அடுத்த வேலை வரும்போது அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் பின் துருப்பிடித்து இறுகிவிடும்.

பக்கெட்டில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுங்கள். களிமண் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். பிரஷர் வாஷர் வைத்துக் கழுவினால் ராட் சீலையும் வால்வு லீவர்களின் அடியில் இருக்கும் ரப்பரையும் குறிவைத்து அடிக்காதீர்கள்.

---

செம்மண் எழுதியது:

சரி, ராட் விஷயம் தெளிவாகிவிட்டது. பாதி நிலையில் வைத்துக் கிரீஸ் தடவுகிறேன்.

இப்போது ஹோஸ். டிராக்டர் பக்கம் இரண்டு கப்ளர், பேக்ஹோ பக்கம் இரண்டு. கழற்றியதும் மூடி போட்டால் போதும்தானே?

---

பட்டறைக்காரன் எழுதியது:

டிராக்டர் பக்கத்தைப் பற்றி மிகவும் கவனமாகக் கேளுங்கள். உங்கள் டிராக்டரில் எண்ணெய் எந்த வழியாக ஓடுகிறது என்று கையேட்டில் பார்த்தீர்களா?

சிறிய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் பம்ப் நிற்காமல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய் லோடர் வால்வு வழியாக வந்து, பேக்ஹோவுக்குப் போய், திரும்பி வந்து, அப்புறம்தான் த்ரீ பாயிண்ட் லிஃப்டுக்குப் போகும் அமைப்பு ஒன்று உண்டு. பவர் பியாண்ட் என்பார்கள். அதில் பேக்ஹோவைக் கழற்றியதும் டிராக்டர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். ஒன்று ஆண் முனை, மற்றது பெண் முனையாக வைத்திருப்பதே அதற்காகத்தான். இணைக்காமல் மூடி மட்டும் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால் பம்ப் தள்ளும் எண்ணெய்க்கு வழியே இல்லை. அந்த வழியில் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு இருந்தால் அது திறந்துகொள்ளும், எண்ணெய் கொதிக்கும். ரிலீஃப் வால்வு அதற்கு அப்பால் இருந்தால் பம்ப் போகும், இல்லையென்றால் ஹோஸ் வெடிக்கும். கிளப்பியதும் இன்ஜின் திணறினாலோ, ஹைட்ராலிக்கில் கீச்சென்ற சத்தம் வந்தாலோ, பின் லிஃப்ட் எழும்பாமல் இருந்தாலோ உடனே நிறுத்திவிட்டு இதைத்தான் முதலில் பாருங்கள்.

பேக்ஹோவைத் தனி லீவரால் இயங்கும் ரிமோட் வால்வில் இணைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, மூடி போட்டால் போதும்.

பேக்ஹோ பக்கத்து ஹோஸ்களையும் நான் ஒன்றோடொன்று கோத்துவிடுவேன். தூசி போகாது. வெயிலில் உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்.

---

வெல்டிங்பிரியன் எழுதியது:

பேக்ஹோ பக்கம் கோத்து வைப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கோத்துவிட்டால் எண்ணெய்க்கு ஒரு சுற்றுப்பாதை கிடைத்துவிடுகிறது. கொட்டகையில் விளையாடும் பிள்ளை ஒரு லீவரை இழுத்தால் பூமோ ஸ்டெபிலைசரோ இறங்க வாய்ப்பிருக்கிறது. தனித்தனியாக மூடி வைத்தால் எண்ணெய்க்குப் போக இடமில்லை.

---

பட்டறைக்காரன் எழுதியது:

இறங்குவதற்கு எதுவும் மிச்சம் இல்லாமல் வைப்பதுதான் அதற்குப் பதில். பக்கெட் தரையில், சட்டம் கட்டையில், ஸ்டெபிலைசர் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றால் எந்த லீவரை இழுத்தாலும் எதுவும் விழாது. கட்டை இல்லாமல் எண்ணெயில் நிற்கிற பேக்ஹோவுக்கு மூடி போட்டாலும் நான் அருகில் போக மாட்டேன், நாளைக்கே ஒரு ஹோஸ் அறுந்தால் என்ன செய்வது?

ஆனாலும் பிள்ளைகள் வந்து போகும் இடம் என்றால் லீவர்களின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பூட்டு போடுங்கள். அல்லது எல்லா லீவரையும் சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். அதில் நான் வெல்டிங்பிரியன் பக்கம்தான்.

---

நீலவானம் எழுதியது:

மூடி பற்றி ஒரு வார்த்தை. போட்டே ஆக வேண்டும். குளவி கப்ளரின் வாயில் மண் கூடு கட்டிவிடும். வெளியே பார்த்தால் கொஞ்சம் அழுக்கு மாதிரிதான் தெரியும். அப்படியே மாட்டினால் அந்த மண் எண்ணெயோடு வால்வுக்குள் போய்விடும். மூடி தொலைந்துபோயிருந்தால் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் போதும். ஹோஸ்களின் முனை மேல்நோக்கி நிற்கக் கூடாது, தரையிலும் கிடக்கக் கூடாது. சீட்டின் பின்னால் ஒரு கொக்கியில் தொங்கவிடலாம்.

எந்த ஹோஸ் எதற்கு என்று நிறம் வைத்து டேப் சுற்றிவிடுங்கள். டிராக்டர் பக்கமும் அதே நிறம். அடுத்த முறை நினைவு இருக்கும் என்று நினைப்போம், இருக்காது.

---

செம்மண் எழுதியது:

சக்கர மேடை பற்றி யாரும் பேசவில்லையே. வெல்டிங்பிரியன் அண்ணா, பெயரிலேயே இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.

---

வெல்டிங்பிரியன் எழுதியது:

கேட்பீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

செய்யலாம், ஆனால் முதலில் தரை. மண் தரையில் சிறு சக்கரம் புதைந்துவிடும், நகரவே நகராது. கான்கிரீட்டிலும் வெடிப்போ மேடு பள்ளமோ இருந்தால் சக்கரம் அதில் மாட்டும், மேலே இருக்கும் கனம் முன்னால் சாயும். உங்கள் கான்கிரீட் பகுதி சமமாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

சக்கரத்தின் தாங்கும் எடையைக் கணக்குப் போடும்போது 500 கிலோவை நான்கால் வகுத்து 125 என்று எடுக்காதீர்கள். நான்கு சக்கரத்தில் எப்போதும் மூன்றுதான் முழுசாகத் தரையைத் தொடும். மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 170. பேக்ஹோவின் கனம் நடுவிலும் இருக்காது, ஒரு பக்கம் அதிகம் விழும். அதனால் ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 250, முடிந்தால் 300 கிலோ தாங்கட்டும். பாலியூரிதேன் சக்கரம் நல்லது. ரப்பர் என்றால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிவிடும். இரண்டு சக்கரம் திரும்புவது, இரண்டு நேராக ஓடுவது என்று வையுங்கள். நான்கும் திரும்பினால் கனமான பொருள் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

மேடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அகலம் சட்டத்தின் அகலத்தை விடக் கூடுதலாக, நீளம் பக்கெட்டும் மேடை மேலேயே உட்காரும் அளவுக்கு இருக்க வேண்டும். பக்கெட் வெளியே தொங்கினால் பின்பக்கம் கவிழும். சட்டத்தை மேடையோடு பின் அல்லது போல்ட் போட்டு இணையுங்கள், சும்மா தூக்கி வைத்துவிட்டுத் தள்ளக் கூடாது.

நகர்த்துவதற்கு மட்டும்தான் சக்கரம். இடத்துக்குப் போனதும் மேடையின் நான்கு மூலையிலும் ஜாக்கி போல்ட் இறக்கிச் சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவியுங்கள். அந்த போல்ட்டுகள் இருந்தால் மாட்டும்போது உயரத்தை அங்குலக் கணக்கில் சரிசெய்யவும் உதவும். அந்த ஒரு வசதிக்காகவே நான் மேடையை ஆதரிப்பேன்.

---

மேட்டுக்காடு எழுதியது:

இவ்வளவு வேலைக்கு லோடரில் ஃபோர்க் மாட்டித் தூக்கி மூலையில் வைத்துவிடலாமே?

---

ஏர்முனை எழுதியது:

அண்ணா, லோடரின் தூக்கும் திறன் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பக்கெட் பின் அருகில் அளந்தது. ஃபோர்க்கில் பொருளின் கனம் அரை மீட்டர் முன்னால் தள்ளி நிற்கும், திறன் அங்கேயே கணிசமாகக் குறையும். போதாததற்குப் பின்னால் எதிரெடையாக இருந்த பேக்ஹோவைத்தான் இப்போது முன்னால் தூக்கப் போகிறோம். பின் சக்கரம் எழும்பிவிடும்.

---

மேட்டுக்காடு எழுதியது:

அது சரி. அப்படி யோசிக்கவில்லை.

---

நீலவானம் எழுதியது:

கொட்டகை இல்லாதவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள். இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு முழுக்கச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.

---

கிரீஸ்கை எழுதியது:

முழுக்கச் சுற்றுவதை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் தார்ப்பாய்க்குள் சிக்கி இரவில் இரும்பின் மேல் துளித்துளியாகப் படியும். திறந்த வெளியில் நிற்பதை விட அதில் துரு அதிகம் பிடிக்கும். மேலே கூரை போல மட்டும் போட்டு, பக்கங்களை முழங்கால் உயரத்துக்கு மேல் விட்டுக் காற்று போக விடுங்கள். முதலில் மூட வேண்டியது வால்வும் லீவர்களும், இரண்டாவது ஹோஸ்கள். ஹோஸின் வெளி ரப்பர் வெயிலில் வெடித்தால் உள்ளே இருக்கும் கம்பி வலைக்கு ஈரம் போகும்.

பக்கெட்டை வாய் மேலே பார்க்க வைக்காதீர்கள், மழைத்தண்ணீர் தேங்கும். மண் தரை என்றால் ஸ்டெபிலைசர் பாதத்தின் அடியிலும் சட்டத்துக் கட்டையின் அடியிலும் அகலமான பலகையோ இரும்புத் தகடோ போடுங்கள். மழைக்குப் பிறகு ஒரு பக்கம் புதைந்தால் பட்டறைக்காரன் சொன்ன அதே சாய்வுதான்.

---

செம்மண் எழுதியது:

நேற்று கழற்றிவிட்டேன். கான்கிரீட்டில், கட்டை மேல், பெயின்ட் கோட்டோடு. சக்கர மேடை பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு இடம் போதுகிறது. டிராக்டர் பக்கம் பார்த்தேன், பவர் பியாண்ட் அமைப்பேதான். இரண்டு முனையையும் கோத்தேன், லிஃப்ட் வேலை செய்கிறது. கழற்றிய பின்களைக் கிளிப்போடு அந்தந்தத் துளையிலேயே திருப்பிப் போட்டுவிட்டேன்.

இரண்டு கேள்வி மிச்சம். சப்ஃபிரேமையும் கழற்ற வேண்டுமா? திரும்ப மாட்டும்போது கப்ளர் உள்ளே போகாவிட்டால் என்ன செய்வது?

---

பட்டறைக்காரன் எழுதியது:

சப்ஃபிரேம் இருக்கட்டும். டிராக்டரின் அடியில் தரை இடைவெளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காய்ந்த புல்லும் வைக்கோலும் அதன் மேல் சேரும், அவ்வப்போது எடுத்துவிடுங்கள், சைலென்சர் அருகில் என்றால் கட்டாயம். போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

கப்ளர் உள்ளே போகாததற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சிக்கிய அழுத்தம். அழுத்தத்தோடு கழற்றியிருப்பார்கள், அல்லது வெயிலில் எண்ணெய் விரிந்திருக்கும். கழற்றும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா லீவரையும் எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டிருந்தால் இது வராது. வந்தால் முதலில் டிராக்டர் பக்கம் நிறுத்திய நிலையில் லீவர்களை ஆட்டிப் பாருங்கள், பிறகு பேக்ஹோ பக்கம். வெயில் இறங்கி எண்ணெய் குளிர்ந்த பிறகும் முயன்று பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால், சட்டம் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, ஹோஸின் மறுமுனை இணைப்பைத் துணி சுற்றி ஸ்பேனரால் மெதுவாகக் கால் சுற்று தளர்த்தினால் சில துளி எண்ணெயோடு அழுத்தம் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான். கப்ளரின் நடு ஊசியைச் சுத்தியலால் தட்டுவது வேண்டவே வேண்டாம். ஊசி நசுங்கும், எண்ணெய் முகத்தில் பீறிடும்.

மாட்டி ஓடவிட்ட பிறகு கசிவு பார்க்கிறவர்கள் கையால் தடவிப் பார்க்காதீர்கள். சிறிய டிராக்டரிலேயே 150 முதல் 200 பார் அழுத்தம் இருக்கும். ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மாதிரிதான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் அது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம். தாமதமானால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். மருத்துவமனையில் "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவு பார்க்க ஓர் அட்டைத்துண்டு போதும்.

மாட்டும் வரிசை: டிராக்டரைக் கோட்டில் நிறுத்தி, ஹோஸ் எட்டும் தூரம் வந்ததும் இன்ஜினை நிறுத்தி, கோத்ததைப் பிரித்து முதலில் ஹோஸை மாட்டுங்கள். அப்புறம் இன்ஜினைக் கிளப்பி ஸ்டெபிலைசராலும் பூமாலும் பேக்ஹோவையே ஏற்றி இறக்கிக் கொக்கியின் உயரத்தைச் சரிசெய்யலாம். பலர் கொக்கியை முதலில் சேர்க்கப் போராடுகிறார்கள். லீவரை இயக்கும்போதும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் டிராக்டருக்கும் பேக்ஹோவுக்கும் நடுவில் ஒருவரும் நிற்கக் கூடாது. கடைசியில் எண்ணெய் அளவைப் பாருங்கள், கொஞ்சம் பேக்ஹோவின் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

---

கொல்லைக்காரன் எழுதியது:

எனக்கு த்ரீ பாயிண்டில் மாட்டும் வகை, பி.டி.ஓ. பம்ப், தனி எண்ணெய் டேங்க். மேலே சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

---

ஏர்முனை எழுதியது:

கட்டை, கிரீஸ், ராட் எல்லாம் அப்படியே பொருந்தும். ஹோஸ் கோக்கும் கதை உங்களுக்கு இல்லை, எண்ணெய்ச் சுற்று முழுவதும் பேக்ஹோவிலேயே இருக்கிறது. பம்ப்பை பி.டி.ஓ. தண்டிலிருந்து கழற்றித் தரையில் போடாதீர்கள், அதற்கென்று ஒரு தாங்கி செய்து மாட்டுங்கள். உள்பக்கப் பல்லில் கிரீஸ் தடவி ஒரு பையால் மூடுங்கள். டேங்கின் மூச்சுமூடி வழியாக ஈரக் காற்று உள்ளே போய்ப் படியும், அதனால் டேங்க்கைக் காலியாக விடாமல் குறித்த அளவு எண்ணெயோடு வையுங்கள். மறுபடி ஓட்டும் முன் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

த்ரீ பாயிண்டின் மேல் கம்பியான டாப் லிங்க்கைப் பேக்ஹோவிலேயே தொங்கவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம், த்ரீ பாயிண்டில் பேக்ஹோ மாட்டித் தோண்டுவதை உங்கள் டிராக்டர் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோண்டும் விசை முழுவதும் டிராக்டரின் பின் உடம்பில் விழுகிறது, பேக்ஹோ ஓட்டுநரை நோக்கி மேலே மடங்கும் ஆபத்தும் உண்டு. சப்ஃபிரேம் வந்ததே அதனால்தான்.

---

கொல்லைக்காரன் எழுதியது:

கையேட்டைத் தேடி எடுத்துப் பார்க்கிறேன். தாங்கிக்கு வெல்டிங்பிரியன் அண்ணாவிடம் ஒரு வரைபடம் கிடைக்குமா?

---

வெல்டிங்பிரியன் எழுதியது:

பம்ப்பின் எடையும், பேக்ஹோ சட்டத்தில் போல்ட் போடத் தோதான துளைகள் எங்கே இருக்கின்றன என்பதும் சொல்லுங்கள். சட்டத்தில் புதிதாகத் துளை போட வேண்டாம், இருக்கிற துளைக்கு ஏற்ற மாதிரி வரைந்து தருகிறேன்.